பத்தனையா, பேராதனையா?

எங்கள் தோட்டப் பாடசாலையில் உயர்தரம் சித்தியடைந்த பழைய மாணவர்கள் பலர் பத்தனையில் உள்ள ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, பேராதனைப் பல்கலைக்கழகம் என்ற இந்த இரண்டில் ஒன்றுக்குத்தான் போனார்கள்.

பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி என்றால் 3 வருடம். முதல் 2 வருடம் விடுதியில் தங்கிப் படிப்பு, கடைசி வருடம் ஒரு பாடசாலையில் கட்டுறுப் பயிற்சி, அதாவது வகுப்பில் படிப்பித்தே வேலை பழகுவது. அப்புறம் ஆசிரியர் நியமனம். லயத்தில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில்) வளர்ந்த பிள்ளைக்கு மாதச் சம்பளம் எவ்வளவு பெரிய விஷயம் என்பது கொழுந்து பறித்த அம்மாவுக்குத்தான் தெரியும். என் வகுப்பில் அப்படிப் போனவர்கள் இன்று நம் பிள்ளைகளுக்கே படிப்பிக்கிறார்கள். அதைப் பார்க்க மனம் நிறைகிறது.

பேராதனையில் சிறப்புப் பட்டத்துக்கு 4 வருடம். அதன்பிறகும் வேலைக்குக் காத்திருக்க நேரலாம். ஆனால் இலங்கை நிர்வாக சேவைப் பரீட்சை எழுதப் பட்டம் வேண்டுமே!

வீட்டுச் சுமை அதிகமென்றால் நான் பத்தனையைத்தான் சொல்வேன். சரி, பட்டம்? வேலையில் இருந்துகொண்டே தேசிய கல்வி நிறுவகத்தில் கல்விமாணி படிக்கலாம்.