‘ஓப்பன் பாக்ஸ்’ லேப்டாப் என்று சொல்லி 34,500 ரூபாயைச் சுருட்டிவிட்டார்கள், உஷார்!

கோபத்தில் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மதுரையில் பழைய லேப்டாப் வாங்கி விற்கிற, சர்வீஸும் பார்க்கிற ஒரு கடை எங்களிடம் 34,500 ரூபாயைக் கறந்துவிட்டது. கூடவே மாமாவின் லேப்டாப்பும் போச்சு.

தங்கச்சி இந்த வருஷம் காலேஜ் சேர்ந்திருக்கிறாள். அசைன்மென்ட் அடிக்க, பிபிடி போட, ஆன்லைன் கிளாஸ் பார்க்க, இவ்வளவுதான் அவளுக்குத் தேவை. புதுசு வாங்குவதா, மாமா ரிட்டையர் ஆனபோது கொடுத்ததையே ஓட்டுவதா என்று வீட்டில் ஒரே பேச்சு. 2017-இல் வாங்கியது, இன்டெல்லின் ஏழாம் தலைமுறை ஐ5 சிப். மாமா பொருளைப் பார்த்துக்கொள்கிற விதம் தனி. கீபோர்டு மேல் விரிக்கிற பிளாஸ்டிக் உறைகூடக் கிழியாமல் இருந்தது. ஹார்டு டிஸ்க்தான் மந்தம். அதை எடுத்துவிட்டு வேகமான எஸ்எஸ்டி டிஸ்க் போட்டு, ரேமைக் கூட்டி, பேட்டரியை மாற்றினால் படிப்பு முடிகிறவரை ஓடும் என்று சிஸ்டம் வேலை தெரிந்த நண்பன் சொன்னான். அதற்காகத்தான் அந்தக் கடைக்கே போனோம்.

கடைக்காரர் மூடியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. “அண்ணே, இதுல விண்டோஸ் 11 ஏறாது. பத்தையும் மைக்ரோசாஃப்ட் நிறுத்தியாச்சு. இதுல காசு போடுறது வேஸ்ட்ணே” என்றார். அதில் பாதி நிஜம், அதுதான் எரிச்சல். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் 11-க்குப் பொதுவாக அனுமதி. ஆனால் பத்துக்கு 2026 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் வாங்கிக்கொள்ள மைக்ரோசாஃப்டே வழி வைத்திருக்கிறது, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டாலும் அவள் வேலைக்கு ஓடும் என்பதை அவர் ஏன் சொல்லப் போகிறார்?

அப்புறம் உள்ளேயிருந்து ஒன்றை எடுத்து வந்தார். யாரோ வாங்கி ஒரே வாரத்தில் திருப்பிக் கொடுத்ததாம், ஓப்பன் பாக்ஸாம். 39,500 சொன்னார், மாமாவுடையதை 5,000-க்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். ஆக, 34,500. நாங்கள் தயங்குவதைப் பார்த்ததும் லேப்டாப்பைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்த சீரியல் நம்பரைத் தன் போனில் கம்பெனி வெப்சைட்டில் அடித்துக் காட்டினார். வாரண்டி அடுத்த வருஷம் வரை இருப்பதாக வந்தது. “நான் சொல்லலணே, கம்பெனியே சொல்லுது பாருங்க.” இதற்கு மேல் ஒரு மனுஷன் என்னத்தைச் சந்தேகப்படுவான்? அங்கேயே ஜிபே பண்ணினோம். மாமாவின் போட்டோ, பென்ஷன் பேப்பர் எல்லாம் அதிலேயே இருந்தன. பையன் காப்பி எடுத்துத் தருவான், அப்புறம் ஃபார்மட் அடித்துவிடுவோம் என்று சொல்லி அதை வாங்கி மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

வாங்கி வந்ததில் சார்ஜ் ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை. கிளாஸ் நடுவில் தானாக அணைந்தது. கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போனோம். அங்கிருந்தவர் பயாஸுக்குள், அதாவது விண்டோஸ் ஏறுவதற்கு முன்னால் திறக்கிற செட்டிங்ஸ் திரைக்குள், போய்ப் பார்த்தார். உள்ளே ஒரு நம்பர், ஸ்டிக்கரில் வேறு நம்பர். ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் நெம்பினார், அதற்கடியில் கிழித்தெடுத்த பழைய ஸ்டிக்கரின் பசை. திருகுகளின் தலையெல்லாம் மழுங்கிக் கிடந்தன. உள்ளே இருந்த நம்பருக்கு வாரண்டி 2023-லேயே முடிந்திருந்தது. பேட்டரி ரிப்போர்ட்டில் கொள்ளளவு பாதிக்கும் கீழே. ஏதோ ஆபீஸில் ஓடித் தேய்ந்த மெஷின், சார் என்றார். இதற்கா 34,500?

கடைக்குப் போன் பண்ணினால் டெக்னீஷியன் வெளியே போயிருக்கிறான். நேரில் போனால் அண்ணன் சாப்பிடப் போயிருக்கிறார். பிடித்துக் கேட்டதும், “பில்லுல சீரியல் நம்பர் இருக்காணே?” என்று கேட்டார் பாருங்கள், அங்கேதான் எனக்கு ரத்தம் கொதித்தது. அவர் கொடுத்தது ‘எஸ்டிமேட்’ என்று அச்சடித்த துண்டுச்சீட்டு. ஜிஎஸ்டி நம்பரும் இல்லை, சீரியல் நம்பரும் இல்லை. பணம் திரும்பாது, வேண்டுமானால் இன்னொரு 6,000 போட்டு வேறு பீஸ் எடுத்துக்கோங்க என்கிறார். மாமாவின் லேப்டாப்பையாவது கொடு என்றால் அது மொத்தமாக விற்ற லாட்டில் போய்விட்டதாம். போட்டோவும் இல்லை, பென்ஷன் பேப்பரும் இல்லை, ஃபார்மட் அடித்தார்களா என்பதற்கும் பதில் இல்லை. மாமாவிடம் பாஸ்வேர்டு எல்லாவற்றையும் மாற்றச் சொல்லியிருக்கிறேன்.

எதையெல்லாம் பார்த்து வாங்கணும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது அதற்குப் பொறுமையில்லை. ஸ்டிக்கரை நம்பாதீர்கள், பயாஸில் இருக்கிற நம்பரை உங்கள் போனில் நீங்களே அடித்துப் பாருங்கள். கடையிலேயே விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து powercfg /batteryreport என்று அடித்து பேட்டரி ரிப்போர்ட்டை எடுக்கச் சொல்லுங்கள். முடியாது என்றால் எழுந்து வந்துவிடுங்கள். ஜிஎஸ்டி பில்லில் சீரியல் நம்பர் ஏறாமல் பைசா கொடுக்க வேண்டாம். பழையதை எக்ஸ்சேஞ்சில் போடுவதாக இருந்தால் டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்துவிட்டேன். அதில் நகரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். 5 லட்சம் வரைக்கும் அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட்டால் போதும். ஜிபே ஸ்க்ரீன்ஷாட், அந்தத் துண்டுச்சீட்டு, சர்வீஸ் சென்டரில் எழுதி வாங்கிய தாள் மூன்றும் கையில் இருக்கின்றன. 34,500-ஐ விடுவதாக இல்லை.