லிப்ட் வேலைன்னு சொல்லி 1,46,000 ரூபாய் போச்சு, களியக்காவிளை பாறசாலை பக்கம் உள்ளவங்க கவனம்

இன்னிக்கு காலைல தான் விசயம் முழுசா தெரிஞ்சுது, கை இன்னும் நடுங்குது, எழுத்து தப்பா இருந்தா கண்டுக்காதீங்க. எங்க அப்பார்ட்மென்ட் களியக்காவிளைலேந்து மார்த்தாண்டம் வர்ற வழியில, நாலு மாடி, 12 வீடு, ஒரே ஒரு லிப்ட். இந்த வருசம் பொருளாளர் நான். அதனால என் கையெழுத்துல தான் 1,46,000 ரூபாய் போயிருக்கு.

கம்பெனி பேரு சொல்லல, வக்கீல் சொல்லாண்டாம்னு சொல்லிட்டாரு. கேரளா பார்டருக்கு அந்தப் பக்கம் ஆபீஸ் வச்சிருக்குற ஒரு லிப்ட் மெயின்டனன்ஸ் கம்பெனி, அவ்வளவு தான். ஆன்லைன்ல தேடிப் பிடிச்சேன், நாலரை ஸ்டார் போட்டிருந்துச்சு.

முதல் நாள் வந்த ஆள பாத்தா யாரும் நம்பத்தான் செய்வாங்க. செருப்ப வாசல்லயே கழட்டிட்டு வந்தான், சாயா வேண்டாம், வேலை முடியட்டும் சாரேன்னான். எங்க அம்மா மூட்டு வலிக்காரி, லிப்ட்ல ஏற நிக்கும்போது கையப் பிடிச்சு "பேடிக்கண்டா அம்மச்சி" (பயப்படாதீங்கம்மா)ன்னு கூடவே மூணாவது மாடி வரை போய் விட்டுட்டு வந்தான். அங்கயே நான் விழுந்துட்டேன்னு வைங்க. பின்ன மொட்டை மாடி மெஷின் ரூமுக்குப் போயி அரை மணி நேரம் கழிச்சு ஒரு முழம் ரோப் துண்டோட இறங்கி வந்தான், கம்பி எல்லாம் பிரிஞ்சு முள்ளு முள்ளா நிக்குது, "சாரே இதாணு உங்க லிப்ட்டு, குழந்தைங்க போற வண்டி"ன்னு என் கையில வச்சான். எனக்கு வயித்த கலக்கிடுச்சு. ஓடிக்கிட்டு இருக்குற லிப்ட்லேந்து எப்படிடா ரோப்ப வெட்டி எடுத்துட்டு வந்தேன்னு கேக்க எனக்கு அப்ப தோணல பாருங்க! அந்தத் துண்டு அவன் பேக்லயே ஊர் ஊரா சுத்துதுன்னு இப்ப தான் புரியுது.

ரோப் செட் மாத்த 92,000, ஏஆர்டி பேட்டரி நாலுக்கு 16,000, ஒரு வருச ஏஎம்சி (பராமரிப்பு ஒப்பந்தம்) 38,000. மொத்தம் 1,46,000, முழுசும் அட்வான்ஸ். வீட்டுக்கு 12,000 சொச்சம், பென்சன்ல இருக்குற ஒரு டீச்சரம்மா மூணு தவணையா தந்தாங்க. காலைல பத்து மணிக்கு ரெண்டு பேரு வந்து, மதியம் சோத்துக்கு முன்னாடி முடிஞ்சுதுன்னு போயிட்டாங்க. ரோப் பூரா கிரீஸ் பளபளன்னு இருந்துச்சு, நானும் கொள்ளாம்னு நினைச்சேன்.

ரெண்டு மாசத்துல ஒரு சாயங்காலம் கறண்ட் போச்சு. ஏஆர்டின்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு, கறண்ட் போனா பேட்டரில ஓடி பக்கத்து மாடிக்கு கேபினக் கொண்டு போயி கதவத் திறக்குற சாதனம். அது அசையவே இல்ல. அம்மா உள்ள, ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல. வாட்ச்மேன் நல்ல மனசுல தான் முக்கோண சாவி போட்டு ரெண்டாவது மாடி கதவத் திறந்துட்டாரு, பாத்தா கேபின் தரை என் நெஞ்சு உயரத்துல நிக்குது, அதுக்குக் கீழ கறுப்பா குழி, அப்படியே அடிமட்டம் வரைக்கும். "அம்மா உக்காந்து கால கீழ விடுங்க, நான் பிடிச்சுக்குறேன்"ங்குறாரு. அம்மா முட்டி மடங்காதுன்னு மாட்டேன்னுட்டாங்க. அந்த மூட்டு வலி தான் அன்னிக்கு அவங்கள காப்பாத்துச்சு, கால் வழுக்கி பின்னால சரிஞ்சா நேரா குழிக்குள்ள தான். நாப்பது நிமிசம் கழிச்சு கறண்ட் வந்து தானா இறங்குனாங்க. 2024 ஜூலைல திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி லிப்ட்ல சனிக்கிழமை மாட்டுன ஒரு ஆள திங்கக்கிழமை தான் கண்டுபிடிச்சாங்களே, எனக்கு அந்த நாப்பது நிமிசமும் அது தான் ஓர்மை.

அன்னிக்கு ராத்திரியே கம்பெனிக்கு போன். டெக்னீசியன் ஓணம் லீவாம். ஓணம் எங்களுக்கும் தான்டா லீவு! அடுத்த வாரம் ஸ்பேர் எறணாகுளத்துலேந்து வரணுமாம். அதுக்கடுத்து "கம்ப்ளெயின்ட் டிக்கெட் போட்டாச்சு சார்". பின்ன ஒரு பொண்ணு பேசி உங்க பில்டிங் தமிழ்நாடு செக்சன், நம்பர் வேறன்னு ஒரு நம்பர் தந்துச்சு, அது அடிச்சுக்கிட்டே கிடக்கு. அம்மச்சி கையப் பிடிச்சவன் என் நம்பர பிளாக் பண்ணிட்டான்.

இன்னிக்கு நாகர்கோவில்லேந்து வேற மெக்கானிக்க கூட்டிட்டு வந்தோம். வெள்ளைத் துணியால ரோப்ப அழுத்தித் துடைச்சுக் காட்டுனாரு, மேல கறுப்பு கிரீஸ், உள்ள செங்கப்பொடி மாதிரி துரு. உள்கம்பி ஒண்ணோட ஒண்ணு தேஞ்சா தான் அந்தப் பொடி வருமாம், ரோப் பழசே தான். பேட்டரில புது தேதி ஸ்டிக்கர் இருந்துச்சு, நகத்தால சுரண்டுனாரு, அடியில இன்னொரு ஸ்டிக்கர், ஆறு வருசம் முந்தின தேதி. பில்ல எடுத்துப் பாத்தா கொட்டேசன்ல "ரோப் மாத்துதல்"னு இருந்தது பில்லுல "ரோப் சர்வீஸ்"னு மாறிக் கிடக்கு. நான் வாசிக்காம கையெழுத்து போட்டிருக்கேன். வாட்ஸாப் குரூப்ல ஒருத்தரு "பொருளாளருக்கு எவ்வளவு கமிசன்"னு கேட்டிருக்காரு, 1,46,000 போனத விட அது தான் வெசனம்.

இன்னொரு கூத்து. நம்ம பக்கம் 1997 தமிழ்நாடு லிப்ட் சட்டம், அந்தப் பக்கம் கேரளாவோட 2013 சட்டம். ரெண்டு பஸ் ஸ்டாப் தள்ளி ஆபீஸ் இருந்தாலும் அவங்க ஊர் லைசென்ஸ் இங்க செல்லாது, நம்ம மின் ஆய்வுத் துறை அனுமதி தனியா வேணும். அவன் ஒரு பேப்பர காட்டுனான், எந்த ஊரு பேப்பர்னு நான் பாக்கல.

என்னென்ன பாக்கணும்னு விவரமா எழுதணும்னு தான் உக்காந்தேன், இப்ப மண்டை ஓடல. முழு அட்வான்ஸ் தராதீங்க. ரோப் மாத்துனா டெஸ்ட் சர்டிபிகேட் கேளுங்க, கழட்டுன பழைய ரோப்ப கீழ போட்டுட்டுப் போகச் சொல்லுங்க, அது இல்லன்னா மாத்தலன்னு அர்த்தம். மாசம் ஒருக்கா லிப்ட்ல யாரும் ஏறாம வெளிய ஆள நிறுத்தி மெயின ஆஃப் பண்ணி ஏஆர்டி ஓடுதான்னு பாருங்க. ரோப் அறுந்து விழுமேன்னு பயப்படாதீங்க, வேகம் கூடுனா கேபின தண்டவாளத்தோட கவ்வுற பிரேக் ஒண்ணு தனியா இருக்கு, அதுவும் வேலை செய்யுதான்னு கேட்டுக்கோங்க. பயப்பட வேண்டியது ரெண்டு மாடிக்கு நடுவுல நிக்கும்போது கதவத் திறந்து குதிக்கிறதுக்கு. வாட்ச்மேன் கையில முக்கோண சாவி இருந்தா இன்னிக்கே வாங்கி பூட்டி வைங்க.

அம்மா இப்ப மூணு மாடியும் படியில தான், ஒவ்வொரு மாடியிலயும் ஒரு ஸ்டூல் போட்டிருக்கேன்.

பாறசாலை, நெய்யாற்றின்கரை, குழித்துறை பக்கம் இதே மாதிரி ரோப் துண்ட கையில வச்சுக்கிட்டு எவனாவது வந்திருந்தா கமென்ட்ல சொல்லுங்க, ஸ்டிக்கர் போட்டோ, பில்லு, கொட்டேசன் எல்லாம் எங்கிட்ட இருக்கு, நுகர்வோர் கோர்ட்டுக்கு சேர்ந்தே போவோம்.