ரோல் பாரை அறுத்து மடக்கித் தருகிறோம் என்றால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்

டிராக்டர் கவிழ்ந்தால் ஓட்டுகிறவர் நசுங்காமல் காக்க சீட்டுக்குப் பின்னால் நிற்கும் இரும்புச் சட்டமான ரோல் பாரை "அறுத்து மடக்குகிற மாதிரி செஞ்சு தர்றோம்" என்று எந்தப் பட்டறையில் சொன்னாலும் கொடுக்காதீர்கள். நாங்கள் கொடுத்தோம். அதன் பலனாக என் தம்பியைப் பறிகொடுத்திருப்போம். இதே வேலையை யோசித்துக்கொண்டிருக்கும் ஒருவராவது நிறுத்தட்டும் என்றுதான் இத்தனை நீளமாக எழுதுகிறேன்.

எங்கள் வண்டியில் இருந்தது இரண்டு கால் நிலையான பார். மடங்காது. கொட்டகை வாசல் தாழ்வு, உள்ளே விடும்போதெல்லாம் மேல் சட்டத்தில் இடிக்கும். தோப்புக்குள் போனால் கிளை மாட்டும். கழற்றி வைத்துவிடலாம் என்று நான் சொன்னபோது தம்பி ஒப்புக்கொள்ளவில்லை. கழற்றாமல் மடக்குவது நல்ல வழி என்று இருவருமே நினைத்தோம். கேட்டது நாங்கள்தான், அதை மறைக்கவில்லை. ஆனால் கேட்டவனுக்குத் தெரியாததைத் தெரிந்தவன் சொல்லியிருக்க வேண்டும். பட்டறைக்காரர் சொன்னது இதுதான்: "கம்பெனி மடக்கு பாரும் இதே மாதிரிதான் அண்ணே. நான் வைக்கிற தகடு அதைவிட கனம். யானை ஏறினாலும் அசையாது."

இரண்டு நாளில் வண்டி வந்தது. பார்க்க அவ்வளவு சுத்தம். இரண்டு காலையும் நெஞ்சு உயரத்தில் அறுத்து, கீல் தகடு வைத்து வெல்டிங் செய்து, குறுக்கே பூட்டுக் கம்பி (பின்) போட்டிருந்தார்கள். மடக்கினாலும் வாசலில் இடிக்கும் என்று சொல்லி, எங்களைக் கேட்காமலே உயரத்திலும் ஒரு சாண் குறைத்திருந்தார்கள். மேலே புது பெயின்ட். கொடுத்த காசுக்கு மேலேயே வேலை செய்திருக்கிறார் என்று நான் பாராட்டிவிட்டு வந்தேன். அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதறுகிறது.

நான்கு மாதம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு காலை, வாய்க்கால் கரை மேல் தம்பி வண்டியை ஓட்டி வந்தபோது வலப்பக்கப் பின்சக்கரத்தின் கீழே கரை சரிந்தது. வேகமே இல்லை, நடக்கிற வேகம்தான். வண்டி மெல்லச் சாய்ந்து, எதிர்க்கரை மண்ணில் பாரின் மேல்முனை போய் ஊன்றி நின்றது. முழுதாகக் கவிழவில்லை, பாதிதான். அந்தப் பாதிச் சாய்வுக்கே வலப்பக்கக் கீல் வாயைப் பிளந்துவிட்டது. மேல்பாதி சீட்டை நோக்கி மடிந்து, தம்பியின் தோளுக்கு ஒரு கைப்பிடி தூரத்தில் நின்றது. சீட் பெல்ட் போட்டிருந்தான். கரை மண் ஈரமாக, மெத்தென்று இருந்தது. அது கல் கட்டிய கரையாக இருந்திருந்தால் என்ற நினைப்பிலேயே அம்மா ஒரு வாரம் தூங்கவில்லை.

வண்டியைத் தூக்க வந்த மெக்கானிக் பிளந்த இடத்தைப் பார்த்துவிட்டு நகத்தால் பெயின்டைச் சுரண்டினார். பெயின்டுக்குக் கீழே வந்தது இரும்பு இல்லை, புட்டி. கார் கதவு நெளிவுக்கு அப்புகிறார்களே, அதே புட்டி. அதையும் சுரண்டியபோதுதான் செய்திருந்த வேலை தெரிந்தது. தகட்டைச் சுற்றி முழுக்க வெல்டிங் ஓட்டவே இல்லை, அங்கங்கே பொட்டு வைத்திருந்தார்கள். உள்பக்கம் வெறுமனே விட்டிருந்தது. கீலில் மாட்டியிருந்த பின்னோ கடையில் நீளமாகக் கிடக்கும் சாதாரணக் கம்பியிலிருந்து அறுத்த துண்டு. அடியில் பாரை ஆக்சிலோடு பிடிக்கும் போல்ட்டுகளையும் மாற்றியிருந்தார்கள். நல்ல போல்ட்டின் தலையில் 8.8 அல்லது 10.9 என்று எண் பொறித்திருக்கும். முதல் எண் இழுவிசைத் தாங்குதிறனைச் சொல்வது: 8 என்றால் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன், 10 என்றால் 1000. எங்கள் போல்ட்டுகளின் தலை மொட்டையாக இருந்தது. பாரின் காலில் ரிவெட் அடித்திருந்த சிறு தகடு, எந்த மாடலுக்கு எந்தத் தரத்தில் சோதித்தது என்று சொல்லும் தகடு, அதையும் கிரைண்டர் வைத்து எடுத்துவிட்டு மேலே பெயின்ட் அடித்திருந்தார்கள். தவறிப்போய் நடந்தது என்று இதில் எதைச் சொல்வது?

பட்டறைக்குப் போனோம். முதலில் "நீங்க கேட்டதைத்தான் செஞ்சேன்" என்றார். புட்டியைக் காட்டியதும் "பையன் வச்சிருப்பான்" என்றார். கடைசியில் "கரையில ஓட்டினா வண்டி சாயத்தான் செய்யும்" என்று முடித்துக்கொண்டார். பில் இல்லை, எழுத்தில் ஒரு வரி இல்லை. போன காசு போனதுதான். எனக்கு ஆத்திரம் காசுக்காக இல்லை. அந்த வேலை இப்போது இன்னும் எத்தனை வண்டிகளில் ஓடிக்கொண்டிருக்கிறதோ.

அன்றைக்குப் பிறகு இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படித்தேன், கம்பெனி சர்வீஸ் ஆட்களிடமும் கேட்டேன். முதலில் புரிந்தது: வெல்டிங் நன்றாகவே செய்திருந்தாலும் இது தப்புதான். புட்டி ஏமாற்று வேலை. ஆனால் ஏமாற்றாத, கைதேர்ந்த வெல்டர் செய்திருந்தாலும் பாரின் பாதுகாப்பு போனது போனதுதான்.

ஏன் என்றால் ரோல் பார் "அசையாமல்" நிற்பதற்காகச் செய்யப்பட்டது இல்லை. வளைவதற்காகச் செய்யப்பட்டது. வண்டி கவிழும்போது வரும் இடியை அந்த இரும்பு வளைந்து வளைந்து விழுங்க வேண்டும். ஆனால் ஓட்டுகிறவர் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குள் வந்துவிடக் கூடாது. எவ்வளவு வளையலாம், எங்கே வளையலாம் என்று கணக்குப் போட்டுச் செய்கிறார்கள். டிராக்டர்களுக்குச் சோதனை விதிகள் வகுக்கும் பன்னாட்டு அமைப்பான ஓஇசிடி-யின் (OECD) நான்காம் குறியீட்டுச் சோதனையில் பக்கவாட்டில் தாங்க வேண்டிய ஆற்றல், டிராக்டரின் எடையில் ஒரு கிலோவுக்கு 1.75 ஜூல். 2000 கிலோ வண்டி என்றால் 3500 ஜூல். கிட்டத்தட்ட 350 கிலோ பாரத்தை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் வரும் இடி அது. பின்பக்கத்திலிருந்து 1.4 ஜூல் வீதம் தனியாக வாங்க வேண்டும். மேலிருந்து அமுக்கும்போது ஒரு கிலோவுக்கு 20 நியூட்டன், அதாவது வண்டியின் எடையைப் போல் இரண்டு மடங்கு. இத்தனையையும் ஒரே பார், நடுவில் நிமிர்த்தாமல், பழுது பார்க்காமல், ஒன்றன்பின் ஒன்றாகத் தாங்க வேண்டும். எங்கள் பட்டறைக்காரரின் "யானை ஏறினாலும்" இதில் எதைச் சோதித்தது?

வெல்டிங் சூடு பட்ட இடத்தின் ஓரத்தில் இரும்பின் குணமே மாறிவிடும். சில இடம் கெட்டியாகி, வளையாமல் படக்கென்று முறியும். சில இடம் இளகிப்போய், சீக்கிரம் மடங்கும். வெளியே எதுவும் தெரியாது. கனமான தகடு வைத்ததும் நல்லதில்லை. அந்த இடம் வளைய மறுத்தால், அது வாங்க வேண்டிய இடி அப்படியே கீழே இறங்கி அடிபோல்ட்டுகளையும் ஆக்சில் உறையையும் தாக்கும். துளை போடுவதும் இதே கதைதான். லைட் மாட்ட, டேப் ரெக்கார்டர் மாட்ட, கூரை கட்ட என்று எத்தனை பார்களில் டிரில் போட்டிருக்கிறார்கள் பாருங்கள். துளையின் விளிம்பில்தான் அழுத்தம் குவியும், விரிசலும் அங்கிருந்தே கிளம்பும். பாரின் காலுக்கு அடிப்பகுதியில் போட்ட துளை இன்னும் மோசம், ஏனென்றால் வளைக்கும் விசை மிகுந்து வருவது அங்கேதான். லைட் வேண்டுமென்றால் கிளாம்ப் வைத்துப் பிடியுங்கள்.

உயரம் குறைத்ததுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. வண்டி தலைகீழானால் தரையைத் தொடுவது பாரின் மேல்முனையும் பானெட்டின் முன்பகுதியும். அந்த இரண்டுக்கும் இடையே ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். ஓட்டுகிறவரின் தலை அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். ஒரு சாண் குறைத்ததும் தம்பியின் தலை கோட்டை முட்டிக்கொண்டிருந்தது. போதாததற்கு, பக்கவாட்டில் சாயும் வண்டியைப் பெரும்பாலும் 90 டிகிரியில், மேற்கொண்டு உருளாமல் நிறுத்துவதும் அந்த உயரம்தான்.

சீட் பெல்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை. நல்ல பாரும் பெல்ட்டும் சேர்ந்தால் கவிழும்போது சாவையும் பலத்த காயத்தையும் 99 சதவீதம் தடுக்கும் என்கிறது அமெரிக்காவில் வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் அரசு நிறுவனமான நியோஷ் (NIOSH). ஸ்வீடனில் 1959-இல் புது டிராக்டர்களுக்கு இப்படிப்பட்ட பாதுகாப்புச் சட்டத்தைக் கட்டாயமாக்கினார்கள், பிறகு பழைய வண்டிகளுக்கும் கொண்டுவந்தார்கள். 1960-இல் 1 லட்சம் டிராக்டருக்கு 17 பேர் கவிழ்ந்து செத்துக்கொண்டிருந்த இடத்தில் 1990-இல் அது 0.3 ஆகிவிட்டது. ஆனால் பார் இல்லாத வண்டியிலும், மடக்கி வைத்த பாரிலும் பெல்ட் போடக்கூடாது, வண்டியோடு சேர்த்து நசுக்கிவிடும். அப்படியிருக்க, ஒட்டுப்போட்ட பார் எதில் சேர்த்தி? அது நிற்கிற மாதிரி நின்று, பெல்ட்டைப் போட வைத்து, இடி வரும்போது மடங்கிவிடும். எங்களுக்கு நடந்ததும் அதேதான்.

தாழ்ந்த இடத்தில் வேலை இருக்கிறவர்களுக்குக் கம்பெனியே மடக்கு பார் தருகிறது. அந்தக் கீலும் பின்னும் பாரோடு சேர்த்தே சோதிக்கப்பட்டவை. உங்கள் மாடல் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். அதிலும் தாழ்வைத் தாண்டியதும் உடனே நிமிர்த்திப் பின்னை மாட்டிவிடுங்கள். பின்பக்கமாகக் கவிழும் வண்டி முக்கால் நொடியிலேயே திரும்ப முடியாத நிலைக்குப் போய்விடுகிறது. அப்போது கை எட்டாது.

பழைய டிராக்டர் வாங்குகிறவர்கள் எஞ்சின் சத்தத்தைக் கேட்டது போதும், பாரையும் தொட்டுப் பாருங்கள். மற்ற இடத்தில் பெயின்ட் மங்கியிருக்க, பார் மட்டும் பளபளப்பாக இருந்தால் கேளுங்கள் ஏன் என்று. காந்தம் ஒன்றைக் கால் நெடுகத் தடவுங்கள், புட்டி உள்ள இடத்தில் பிடி தளரும். அடையாளத் தகடு இருக்கிறதா, போல்ட் தலையில் எண் இருக்கிறதா, இரண்டு காலும் ஒரே உயரமா என்று பாருங்கள். ஒருமுறை கவிழ்ந்த வண்டியின் பாரை நிமிர்த்தி விற்பவர்களும் உண்டு. வளைந்த பார் தன் வேலையை முடித்துவிட்டது, மறுபடி அதை நம்ப முடியாது.

நாங்கள் கம்பெனியின் மடக்கு பாரே வாங்கிப் பொருத்திவிட்டோம், போல்ட்டுகளையும் அவர்கள் சொன்ன இறுக்கத்தில் டார்க் ஸ்பேனர் வைத்து முடுக்கினார்கள். பழைய பாரை இன்னொருவர் வாங்கிப் போட்டுவிடக் கூடாது என்பதற்காக நான்கு துண்டாக அறுத்த பிறகுதான் பழைய இரும்புக்குப் போட்டோம். கொட்டகை வாசலின் மேல்சட்டத்தைத் தூக்கி உயர்த்திவிட்டோம். ஆள் இரண்டு பேர், ஒன்றரை நாள் வேலை.