வஞ்சிரமா சூரையா? உடம்பு சூட்டை யாரு நல்லா சமாளிக்குறாங்க

காசிமேட்டுல ஞாயித்துக்கிழமை காலைல மீன் வெட்டுற அக்காகிட்ட வஞ்சிரத்தையும் சூரையையும் அடுத்தடுத்து துண்டு போடச் சொல்லி பாருங்க. வஞ்சிரத்துல அந்த கருஞ்சிவப்பு சதை தோலுக்கு அடியில ரெண்டு பக்கமும் மெல்லிசா ஒட்டிட்டு இருக்கும், சூரைல அதே சதை கெட்டியா உள்ள போய் நடு முள்ளு வரைக்கும் நிக்கும். ரெண்டும் ஒரே குடும்பம்தான். ஆனா சூடு விஷயத்துல ரெண்டுத்துக்கும் வழி வேற, அதான் அங்க கத்தில தெரியுது.

குளிர் ரத்தம்னா ரத்தம் சில்லுனு இருக்கும்னு நெனைக்காதீங்க, தண்ணி என்ன சூடோ உடம்பும் அதே சூடு, அவ்ளோதான். வஞ்சிரம், கானாங்கத்த, சங்கரா எல்லாம் இந்த கட்சி. நீந்தும்போது சதைல சூடு வரத்தான் செய்யுது, ஆனா ரத்தம் ஆக்சிஜன் எடுக்க செவுளுக்கு போறப்போ அந்த சூடு தண்ணிக்கு போயிடும். அதனால இதுங்க செய்யக்கூடியது எடம் மாறுறது மட்டும்தான். கொளத்தூர்ல கலர் மீன் வாங்குனா கவரோட தொட்டில கொஞ்ச நேரம் மிதக்க விடச் சொல்றாங்கல்ல, அதுக்கு காரணம் இதான், தொட்டிக்குள்ள மீனு எங்க ஓடும்?

சூரை சூட்டை வெளிய விடாது. சதைல இருந்து வர்ற சூடான ரத்தக்குழாயும் செவுள்ல இருந்து வர்ற குளிர்ந்த குழாயும் வலை மாதிரி பின்னி ஒண்ணை ஒண்ணு ஒட்டி ஓடுது, வெளிய போக வேண்டிய சூடு உள்ள வர்ற ரத்தத்துக்கே மாறிடுது. 1835லயே ஜான் டேவினு ஒரு பிரிட்டிஷ் டாக்டர் சூரை இனத்து மீனோட உடம்பு கடலை விட சுமார் 10 டிகிரி சூடா இருக்குன்னு எழுதிட்டாரு. ஆனா இதயத்துக்கு மட்டும் இந்த வசதி இல்ல, ஆழத்துக்கு போனா அது சில்லுனு ஆகி துடிப்பு குறைஞ்சிடும், திரும்ப மேல வந்தாகணும்.

மூக்கு ஈட்டி மாதிரி நீண்டிருக்குற மயில் மீன், கண்ணு சதைல ஒண்ணையே ஹீட்டரா மாத்தி கண்ணையும் மூளையையும் மட்டும் சூடா வச்சிக்குது, இரைய துரத்துற மீனுக்கு இது செலவு கம்மியான நல்ல ஏற்பாடு. ஓபானு ஒரு ஆழ்கடல் மீன், அது செவுளுக்குள்ளயே அந்த வலைய வச்சிருக்கு, அதனால இதயத்தையும் சேத்து மொத்த உடம்பும் தண்ணிய விட 5 டிகிரி போல சூடு, 2015லதான் வெளிய தெரிஞ்சது.

என்னை கேட்டா நம்ம கரையோர கடலுக்கு வஞ்சிரம்தான். மேல்தண்ணியே 28 டிகிரி கிட்ட இருக்கு, சூடு ஓசில கெடைக்கும்போது சூரை மாதிரி நிறைய தின்னு எதுக்கு உடம்பை சூடாக்கணும்? 200 மீட்டர் கீழ போனா தண்ணி 15 டிகிரி பக்கம் வந்துடும், அங்க சூரை வேகமா நீந்தும், வஞ்சிரத்தால முடியாது.

இன்னொண்ணு, சூரைய பிடிச்சதும் ஐஸ்ல போடலைன்னா மத்த மீனை விட சீக்கிரம் கெட்டுப்போகும், உள்ள இருக்குற சூடு லேசுல எறங்காது. வாங்கும்போது நடு முள்ளு பக்கத்து சதைய தொட்டு குளிர் ஏறியிருக்கான்னு பாத்து வாங்குங்க.