டிராக் பைக்கை ரோட்டுக்கு மாற்ற: பழைய ஒயரிங் செட்டா, புது ஒயரிங்கா?

கோவை செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே மாதிரி ரேஸ் டிராக்கில் ஓடின யமஹா ஆர்15 பைக்கை வீட்டிலேயே ரோட்டுக்கு மாற்றுகிறவர்களுக்குத் தலைவலி இன்ஜினை விட ஒயரிங்தான். ஹெட்லைட், இண்டிகேட்டர், ஹாரன் லைன்களை வெட்டி எடுத்திருப்பார்கள். பல வண்டிகளில் பிரேக் லைட் சுவிட்சே இருக்காது. அதற்கும் முன்னால் இன்ஜின், சேசிஸ் நம்பர்கள் ஆர்சியோடு பொருந்துகிறதா பாருங்க. பொருந்தாத வண்டியில் கை வைக்கவே வேண்டாம்.

கோவை உக்கடம் பழைய சாமான் கடைகளில் அதே மாடல் ஒயரிங் செட் தேடிப் பார்க்கலாம். சரியான செட் அமைந்தால் சைடு ஸ்டாண்ட் சுவிட்ச் வரை கனெக்டர்கள் டக்கென்று உட்காரும். வாங்கும்போது ஒவ்வொரு கனெக்டரையும் கழற்றிப் பாருங்க. உள்ளே இருக்கும் உலோக முனையில் பச்சை பூத்திருந்தால் தொடாதீங்க. ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு ஏறும்போது, கொட்டும் மழையில் அது காலை வாரிவிடும்.

புதுசாக இழுத்தால் செம்பு சுத்தமாக இருக்கும், கணக்குதான் முக்கியம். 12 வோல்ட்டில் 55 வாட் பல்பு சுமார் 4.6 ஆம்பியர் இழுக்கும். ரிலேயும் (சுவிட்சுக்குப் பதில் அதிக கரண்டைத் தாங்கும் துணை சுவிட்ச்) தனி ஃபியூஸும் இல்லாவிட்டால் சுவிட்ச் கருகலாம்.

என் ஓட்டு பழைய செட்டுக்கே. கிடைக்காவிட்டால் லைட், ஹாரனுக்கு மட்டும் புதுசு இழுங்க; இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) பக்க ஒயரை வெட்டி ஒட்டவே கூடாது.

ரேடியேட்டரில் டிராக்குக்காக வெறும் தண்ணீர் விட்டிருந்தால், வடித்துவிட்டுக் கூலண்ட் ஊற்றுங்க.