படுக்கை விரிப்புக்குத் தனிக் காசு: ஒரு வேட்டியும் ஐந்து ஸ்காண்டிநேவிய நகரங்களும்

கல்லூரித் தம்பி ஒருவன் போன வாரம் கேட்டான்: "அண்ணா, எனக்கு ஸ்வீடனில் லுண்ட் நகரத்தில் ஒரு செமஸ்டர் கிடைத்திருக்கிறது. மற்ற பரிமாற்ற மாணவர்களோடு சேர்ந்து ஊர் சுற்றினால் கட்டுப்படியாகுமா?" பஸ் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அவனே பார்த்து வைத்திருந்தான். நான் பதில் எழுத உட்கார்ந்தேன். இரண்டு பக்கம் ஓடிய பிறகு திரும்பிப் படித்தால், பாதிக்கு மேல் படுக்கை விரிப்பைப் பற்றியே எழுதியிருந்தேன். நானும் லுண்டில் பரிமாற்ற மாணவனாக இருந்தவன்; ஊர் திரும்பி ஒன்றரை ஆண்டாகிறது. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

அக்டோபர் தொடக்கத்தில் ஆறு பேர் கோத்தன்பர்க் போனோம். இரண்டு ஸ்பானியர்கள், ஒரு ஜெர்மானியத் தோழி, ஓர் இத்தாலியன், ஒரு கொரிய நண்பன், நான். இருப்பதிலேயே மலிவான விடுதியைத் தேடிப் பிடித்திருந்தோம். இரவு ஒன்பதரைக்கு வரவேற்பு மேசையில் நின்றபோதுதான், கட்டிய பணம் வெறும் மெத்தைக்கு மட்டும் என்று தெரிந்தது. மெத்தை விரிப்பு, போர்வை உறை, தலையணை உறை மூன்றும் சேர்த்து ஆளுக்கு 85 குரோனா. நம் கணக்கில் அப்போது ஏறக்குறைய 700 ரூபாய். கொரிய நண்பன் தன் ஸ்லீப்பிங் பேக்கை எடுத்துக் காட்டினான். அதற்கு அனுமதி இல்லை என்றார்கள். நான் சென்னிமலைப் போர்வையை எடுத்துக் காட்டினேன். அது ஒன்று, மூன்று வேண்டும் என்றார்கள். ஆறு பேருக்கும் 510 குரோனா போனது. மறுநாள் மதியச் சாப்பாட்டுக்கு ஒதுக்கி வைத்திருந்த பணம் அது.

அவர்கள் பக்க நியாயத்தையும் சொல்லவேண்டும். ஸ்லீப்பிங் பேக்கில் ஒட்டிக்கொண்டு மூட்டைப்பூச்சி ஊர் ஊராகப் பயணம் செய்யும். ஓர் அறையில் புகுந்துவிட்டால் விடுதியையே மூடவேண்டி வரலாம். அந்த நாடுகளில் ஆள் கூலி அதிகம். துவைத்து, காயவைத்து, விரித்துக் கொடுக்க ஒருவரை வைத்தால் அந்தச் செலவு எல்லோர் தலையிலும் விழும். சொந்த விரிப்பு கொண்டுவந்து, காலையில் தானே அறையைப் பெருக்கிவிட்டுப் போகிறவருக்குக் கட்டணம் குறையும். ஸ்வீடனின் பயணியர் விடுதிகளில் இது பழைய வழக்கம். பெருக்காமல் போனால் அதற்கும் தனிக் காசு. துடைப்பம் பிடிக்க எங்களில் யாருக்கும் தயக்கம் இல்லை. காலையில் இத்தாலியன் பெருக்க, நான் குப்பையை அள்ளினேன். வேலை ஐந்து நிமிடத்தில் முடிந்தது. என் கோபம் முழுக்க விலையை மறைத்துக் காட்டுவதன் மேல்தான். மெத்தையை விற்பவன், அதில் படுக்க என்னென்ன வேண்டும் என்பதையும் முதல் பக்கத்திலேயே சொல்லியாகவேண்டும்.

லுண்ட் திரும்பியதும் ஜெர்மானியத் தோழி ஒரு யோசனை சொன்னாள். அவள் ஊரில் மலையேறுபவர்கள் மெல்லிய துணியில் பை போலத் தைத்து அதற்குள் படுப்பார்களாம். விரிப்பும் அதுவே, போர்வை உறையும் அதுவே. கடையில் அதன் விலை நான்கு இரவு விரிப்புக் கட்டணத்துக்குச் சமமாக இருந்தது. என் பெட்டியில் தீபாவளிக்குக் கட்டிக்கொள்ளச் சொல்லி அம்மா வைத்துவிட்ட எட்டு முழ வேட்டி இருந்தது. குறுக்கே பாதியாக மடித்தால் என் உயரத்துக்குச் சரியாக வந்தது. மடிப்பு கால் பக்கம், திறப்பு தலைப் பக்கம், இரண்டு ஓரங்களிலும் தையல். எங்கள் தளத்தின் பொதுச் சமையலறையில் உட்கார்ந்து, நானும் ஸ்பானியர்களில் ஒருத்தியும் ஆளுக்கு ஒரு பக்கமாகத் தைத்தோம். கரை இருந்த பக்கத்தை அவள் எடுத்துக்கொண்டாள். ஊசி இறங்காமல் இரண்டு முறை நூல் அறுந்தது. அந்தத் தீபாவளிக்கு நான் ஜீன்ஸ்தான் போட்டேன்.

வேட்டிப் பையின் முதல் பயணம் ஓஸ்லோவுக்கு, அக்டோபர் கடைசியில். லுண்டுக்குப் பக்கத்து நகரமான மால்மோவிலிருந்து இரவு பஸ் பிடித்துச் சனிக்கிழமை இருட்டிலேயே போய் இறங்கினோம். எட்டு மணி தாண்டித்தான் விடிந்தது. அங்கே ஓபரா மாளிகையின் கூரை, நீர் விளிம்பிலிருந்தே வெள்ளைப் பளிங்குச் சரிவாக ஏறுகிறது. 2008இல் திறந்த கட்டடம் அது. யார் வேண்டுமானாலும் எந்தக் கட்டணமும் இல்லாமல் கூரையில் ஏறி நடக்கலாம். கல்லில் உறைபனி படிந்திருந்ததால் கையைக் கோத்துக்கொண்டுதான் ஏறினோம். பிளாஸ்கில் இருந்த தேநீரை ஆறு பேரும் ஒரே மூடியில் மாற்றி மாற்றிக் குடித்தோம். ஃபியோர்டின் மேல், நிலத்துக்குள் நீண்டு கிடக்கும் அந்தக் கடல் கையின் மேல், வெளிச்சம் பரவுவதைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. பத்து மணிக்குப் பக்கத்திலேயே உள்ள டைக்மன் நூலகம் திறந்தது. 2020இல் கட்டி முடித்த மைய நூலகம். உள்ளே கதகதப்பு, குடிநீர், சார்ஜ் போட வசதி, சாய்ந்துகொள்ள நாற்காலி எல்லாம் இருந்தன. அடையாள அட்டை ஏதும் கேட்கவில்லை. காசில்லாத மாணவனை ஓர் ஊர் இவ்வளவு மரியாதையாக உள்ளே விட்டு நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அன்றிரவு விடுதியில் வேட்டிப் பையை எடுத்துக் காட்டினேன். தலையணை உறை மட்டும் வாங்கச் சொன்னார்கள். வாங்கினேன். நிம்மதியாகத் தூங்கினேன்.

நகரப் போக்குவரத்தில் எனக்குக் குறையே இல்லை. கோத்தன்பர்க்கில் டிராம் டிக்கெட்டோடு சால்ட்ஹோல்மன் வரை போய், அதே டிக்கெட்டில் படகு ஏறித் தெற்குத் தீவுகளுக்குப் போகலாம். அங்கே கார்களே கிடையாது. கோபன்ஹேகனிலும் துறைமுகப் படகு நகரப் பஸ் டிக்கெட்டிலேயே ஓடுகிறது. சுற்றுலாப் படகுக்குத் தனியாகக் காசு கொடுப்பதற்கு முன் இதைப் பாருங்கள். செப்டம்பரில் இஸ்லான்ஸ் பிரிக்கே நீச்சல் துறையில், நகரத்தின் நட்டநடுவே, கட்டணமில்லாமல் துறைமுகத் தண்ணீரில் குதித்தோம்.

சாப்பாட்டுக்குக் குழுவாகப் போனால்தான் கட்டுப்படியாகும். மால்மோ என்றால் ஃபலாஃபெல் என்கிற கொண்டைக்கடலை வடை போதும், வயிறு நிறைந்துவிடும். மற்ற ஊர்களில் விடுதிச் சமையலறையே கதி. சிவப்புப் பருப்பு எந்தக் கடையிலும் கிடைக்கிறது. ஆறு பேருக்கு ஒரு பானை பருப்பும் சோறும் நான் வைத்தேன். நோர்வேக்குப் போகும்போது அரிசி, பருப்பை ஸ்வீடனிலேயே வாங்கிக்கொண்டு போங்கள். நோர்வேக்காரர்களே எல்லை தாண்டி வந்து ஸ்வீடனில் மளிகை வாங்குகிறார்கள். கணக்கு வழக்கை ஒருவரிடம் விட்டுவிடுங்கள். மூன்று நாட்டுப் பணமும் பெயரில் ஒன்று, மதிப்பில் வேறு. டேனிஷ் குரோனே ஒன்று, ஸ்வீடிஷ் குரோனா ஏறக்குறைய ஒன்றரைக்குச் சமம். கோபன்ஹேகனில் 300க்கு மளிகை வாங்கிய தோழி அதை ஸ்வீடிஷ் கணக்கில் பதிந்து, தன் கைக்காசு இழந்தாள். இரண்டு வாரம் கழித்துத்தான் அது தெரிந்தது. அவள் வாய்விட்டுக் கேட்கவே இல்லை என்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

இனி ஸ்டாக்ஹோம். டிசம்பரில் போனோம். மூன்று மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். அதனால் மாலை முழுக்கச் சுரங்க ரயில் நிலையங்களில் சுற்றினோம். டீ-சென்ட்ராலன் நிலையத்தில் குடைந்த பாறையின் வெள்ளைச் சுவரில் நீல வண்ணத்தில் தீட்டிய இலைகளும் கொடிகளும் படர்ந்து ஏறுகின்றன. சோல்னா சென்ட்ரூமில் பாறை முழுக்கச் சிவப்பு, அடியில் பச்சைக் காட்டின் ஓவியம். ஒரே டிக்கெட், 75 நிமிடம். நான் பார்த்த ஐந்து நகரங்களில் கண்ணுக்கு நிறைவானது ஸ்டாக்ஹோம்தான்.

அங்கே விடுதி மேசையில் இருந்தவர் எங்கள் வயதுப் பையன். வேட்டிப் பையைக் கையில் வாங்கி, கரையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். எந்த ஊர்த் துணி என்று கேட்டார். நன்றாக இருக்கிறது என்றார். பிறகு, மன்னிக்கவேண்டும், இங்கே எங்கள் விரிப்பு மட்டும்தான், கட்டணம் கட்டாயம் என்றார். முன்பதிவுப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். அதில் அப்படி ஒரு வரி இல்லை. அவரும் குனிந்து படித்துவிட்டு, இல்லை என்று ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்ட பிறகும் பணம் வாங்கினார். இருபது நிமிடம் நின்றும் பலன் இல்லை. வெளியே பனி. மற்ற ஐந்து பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். கட்டினேன். அவர்கள் விரிப்பை விரித்து, அதன் மேல் வேட்டிப் பைக்குள்தான் படுத்தேன்.

தம்பிக்குக் கடைசியில் எழுதியது இது: குழுவாகப் போ, நான்கு பேருக்கு மேல் வேண்டாம். கோத்தன்பர்க் தீவுகளை விடாதே. ஓஸ்லோவுக்கு இரவு பஸ்ஸில் போ. கோபன்ஹேகனில் தங்காதே, லுண்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம், இரவே திரும்பிவிடு. திரும்பும்போது எல்லையில் கேட்கலாம், பாஸ்போர்ட்டையும் வசிப்பிட அனுமதி அட்டையையும் கையில் வைத்துக்கொள். ஸ்டாக்ஹோமை விட்டுவிடு.

அவன் உடனே கேட்டான்: "நிறைவான ஊர் என்று நீங்களே சொல்கிறீர்கள், பிறகு ஏன் அண்ணா?" அந்த மேசை இன்னும் என் கண் முன்னால் நிற்கிறது என்று பதில் போட்டேன்.

வேட்டிப் பையை இரவல் கேட்டிருக்கிறான். நேற்று அலமாரியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். நான் தைத்த பக்கம் ஒரு சாண் நீளத்துக்குப் பிரிந்திருக்கிறது. கரைப் பக்கத்தில் ஒரு நூல்கூட விடவில்லை. இதைக் கொடுக்க எனக்கு மனமில்லை. ஈரோட்டில் இன்னொரு எட்டு முழம் வாங்கி, தையல்காரரிடம் கொடுத்து, தலைப் பக்கம் தலையணை நுழைகிற அளவுக்கு ஓர் உறையும் சேர்த்துத் தைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.