14,160 ரூபாய்க்கு ஒரு வழிகாட்டி: பெண் பொறியாளர்களுக்கான மென்டரிங் திட்டம் பற்றிய என் மதிப்பீடு

கோவைக்கு அருகே, பம்ப்செட் உதிரிபாகங்களைக் கடைந்து கொடுக்கும் ஒரு தொழிற்சாலையில் பதினோரு ஆண்டுகளாகப் பணிபுரியும் இயந்திரவியல் பொறியாளர் நான். எங்கள் மெஷின் ஷாப்பில் எல்லா ஷிஃப்டுகளையும் சேர்த்து 140 பேர் வேலை செய்கிறார்கள். அவர்களில் பெண்கள் நான்கு பேர். திட்டத்தில் நான் சேர்ந்தபோது நால்வருமே தரப் பிரிவில் இருந்தோம். ஆண்கள் மிகுந்த துறைகளில் இருக்கும் பெண்களுக்கென்று நடத்தப்படும் ஆறு மாத மென்டரிங் திட்டம் ஒன்றில் கடந்த ஆண்டு என் சொந்தப் பணத்தைக் கட்டிச் சேர்ந்தேன். கட்டணம் 12,000 ரூபாய். 18 விழுக்காடு ஜிஎஸ்டியும் சேர்ந்து 14,160. குறைகளையும் எழுதப் போவதால் நடத்துகிறவர்களின் பெயரை இங்கே சொல்லவில்லை. ஏறக்குறைய இதே வார்ப்பில் வேறு திட்டங்களும் நடப்பதால், சேர நினைப்பவருக்குப் பெயரைவிட எது உதவியது, எது உதவவில்லை என்ற விவரமே பயன்படும் என்றும் நினைக்கிறேன்.

கட்டணத்துக்குக் கிடைப்பவை: வழிகாட்டியுடன் தனியாக 45 நிமிடம் வீதம் பன்னிரண்டு சந்திப்புகள், இணையவழியில் நான்கு குழு வகுப்புகள், ஒரு தொழிற்சாலைப் பார்வை, ஒரு வாட்ஸ்அப் குழு. தொழிற்சாலைப் பார்வையில் வரவேற்பறையையும் அசெம்பிளி லைனையும் காட்டி, மதிய உணவு போட்டு அனுப்பினார்கள். வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கப் படங்களுக்கு நடுவே வேலைவாய்ப்புத் தகவல் ஒன்றிரண்டு வந்தது. இவ்விரண்டைப் பற்றியும் இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

முதல் பெரிய குறை, வழிகாட்டியை ஒதுக்கிய விதம். விண்ணப்பத்தில் மூன்று பக்கத்துக்குக் கேள்விகள் கேட்டிருந்தார்கள். என் வேலை என்ன, எந்த இயந்திரங்களோடு பழக்கம், எங்கே சிக்கல் என்றெல்லாம் நிதானமாக எழுதியிருந்தேன். அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. எனக்குக் கிடைத்த முதல் வழிகாட்டி, மென்பொருள் நிறுவனம் ஒன்றில் மனிதவளப் பிரிவில் நீண்ட காலம் இருந்தவர். அன்பானவர், நேரம் தவறாதவர். ஆனால் நடு ராத்திரியில் ஒரு காஸ்டிங் லாட் (வார்ப்புத் துண்டுகளின் தொகுதி) முழுவதும் மணல் ஓட்டையோடு வந்து நிற்கும்போது அதை வார்த்து அனுப்பிய ஃபவுண்டரிக்காரரிடம் எந்தக் குரலில் பேசுவது என்று கேட்டால், லிங்க்ட்இன் பக்கத்தை எப்படி மெருகேற்றுவது என்று சொல்லிக்கொடுப்பவர். வேறு வழிகாட்டியைக் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினேன். மாற்றம் கிடைக்க ஐந்து வாரங்கள் ஆயின. அதற்குள் இரண்டு சந்திப்புகள் கணக்கில் கழிந்துவிட்டன. அவற்றைத் திருப்பித் தரவில்லை.

குழு வகுப்புகள் பெரும்பாலும் தன்னம்பிக்கை பற்றியவை. நிமிர்ந்து உட்காருங்கள், கூட்டத்தில் முதல் வரிசையில் அமருங்கள், மன்னிப்புக் கேட்டுக்கொண்டே பேச்சைத் தொடங்காதீர்கள் என்று சொன்னார்கள். தவறான அறிவுரைகள் அல்ல. ஆனால் பதினோரு ஆண்டுகள் ஷாப் ஃப்ளோரில் நின்றவளுக்குப் பற்றாக்குறை தன்னம்பிக்கையில் இல்லை. இந்த வகுப்புகளில் ஒன்று மட்டும், நடத்தியவர் எண்ணாத வகையில், எனக்குப் பயன்பட்டது. 1943இல் கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் முடித்து, நாட்டின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவரான ஏ. லலிதாவின் படத்தை அன்று திரையில் காட்டி, பதினெட்டு வயதில் கைக்குழந்தையோடு கணவரை இழந்த ஒருவர் மன உறுதி ஒன்றையே துணையாகக் கொண்டு சாதித்தார் என்று சொன்னார்கள். அவருடைய மன உறுதியில் எனக்கு ஐயமில்லை. பின்னாளில் கல்கத்தாவில் அசோசியேட்டட் எலெக்ட்ரிக்கல் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தில் பணியாற்றி, 1964இல் நியூயார்க்கில் நடந்த பெண் பொறியாளர்கள், அறிவியலாளர்களின் முதல் சர்வதேச மாநாட்டுக்குச் சென்றவர் அவர். ஆனால் அவருடைய தந்தை பப்பு சுப்பாராவ் அதே கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியராக இருந்தார் என்பதையும், மகளைச் சேர்த்துக்கொள்ளும்படி முதல்வர் கே. சி. சாக்கோவிடம் பேசியவர் அவர்தான் என்பதையும் அந்த வகுப்பில் யாரும் சொல்லவில்லை. லலிதாவுக்காகத் திறந்த கதவின் வழியே பி. கே. திரேசியாவும் லீலம்மா ஜார்ஜும் கட்டடப் பொறியியலுக்கு வந்தார்கள். திரேசியா 1971இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். முடிவெடுக்கும் அறைக்குள் போக உரிமையுள்ள ஒருவர் நம் பெயரை அங்கே உச்சரித்தாரா என்பதுதான் அந்த வரலாற்றில் நமக்கு உதவக்கூடிய பகுதி. அதை விட்டுவிட்டு மன உறுதியை மட்டும் எடுத்துக்கொண்டால், முன்னேறாத பெண்ணுக்கு உறுதி போதவில்லை என்றல்லவா பொருளாகிவிடும்?

எனக்கு இரண்டாவதாகக் கிடைத்த வழிகாட்டி, வேறொரு பம்ப் தொழிற்சாலையில் உற்பத்தி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், ஆண். பெண்களுக்கான திட்டத்தில் ஆண் வழிகாட்டியா என்ற தயக்கம் எனக்கும் இருந்தது. முதல் சந்திப்பிலேயே அவர் என் பதவியையோ படிப்பையோ கேட்காமல், கடந்த மாத ரிஜெக்‌ஷன், ரீவொர்க் (கழித்தவை, மறுபடி கடைந்து சரிசெய்தவை) கணக்கைக் கொண்டுவரச் சொன்னார். காகிதத்தைப் பார்த்துவிட்டு அவர் கேட்ட ஒரே கேள்வி, "இது நாள் கணக்கு. மணிக் கணக்கு எங்கே, அம்மணி?" என்பதுதான். ஆண்டுக்கணக்காக நான் நாள்வாரியாகவே எழுதி வந்த அறிக்கையை மணிவாரியாகப் பிரித்தபோது, பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரின் உள்துளை அளவு சிறுத்துப்போய் ரீவொர்க்குக்கு வருபவற்றில் பெரும்பகுதி ஒவ்வொரு ஷிஃப்டின் கடைசி ஒரு மணி நேரத்தில் விழுவது தெரிந்தது. துளையைக் கடையும் வெட்டுமுனையான இன்சர்ட் தேயத் தேயத் துளை சிறுக்கும். ஆனால் ஆப்பரேட்டரின் ஊக்கத்தொகை அன்றைய எண்ணிக்கையைப் பொறுத்தது என்பதால், ஷிஃப்ட் முடியும் நேரத்தில் இயந்திரத்தை நிறுத்தி இன்சர்ட் மாற்ற யாருக்கும் மனம் வராது. தேய்ந்த இன்சர்ட் அடுத்து வருபவர் தலையில் விழும். ஆப்பரேட்டர் அண்ணன்களின் கவனக்குறைவு என்று நான் எழுதிக்கொண்டிருந்தது உண்மையில் கணக்குப் போடும் முறையின் கோளாறு. இத்தனை துண்டுகளுக்கு ஒருமுறை இன்சர்ட் மாற்ற வேண்டும், மாற்றும் நேரம் ஆப்பரேட்டரின் கணக்கில் சேர வேண்டும் என்று ஒரு பக்கக் குறிப்பை எழுதவைத்தார். அதை நான்கு முறை திருத்தினார்.

என்னை வேறு திசையில் யோசிக்கவைத்தது அவருடனான மூன்றாம் சந்திப்பு. எங்கள் பக்கத்துத் தொழிற்சாலைகளில் பெண் பொறியாளர் வேலைக்கு வந்தால் தரம், வடிவமைப்பு, ஆவணம், பயிற்சி ஆகிய பிரிவுகளில் ஒன்றில்தான் உட்காரவைப்பார்கள். பாதுகாப்பான இடம், நல்ல இருக்கை, ஏசி. ஆனால் ஒர்க்ஸ் மேனேஜராகவும் பிளான்ட் ஹெட்டாகவும் உயர்கிறவர்களில் மிகப் பெரும்பாலோர் உற்பத்தியிலோ பராமரிப்பிலோ ஷிஃப்ட் பார்த்தவர்கள். "குவாலிட்டில இருந்தா நீங்க தப்புச் சொல்றவங்க, புரொடக்‌ஷன்ல இருந்தாத்தான் எண்ணிக்கைக்குப் பதில் சொல்றவங்க. ஃபேக்டரிய யார் கையில குடுப்பாங்கன்னு நீங்களே யோசிங்க" என்றார் அவர். பதினோரு ஆண்டுகளில் இதை எனக்கு யாரும் சொன்னதில்லை. என்னோடு சேர்ந்த ஆண்களுக்கு யாரும் சொல்லத் தேவையும் இருக்கவில்லை, ஏனெனில் அவர்களை முதல் நாளே லைனில் நிறுத்தினார்கள்.

ஷிஃப்ட் என்றதும் இரவு வேலை பற்றிய பேச்சு வந்தது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 66ஆம் பிரிவு, மாலை ஏழு மணிக்கு மேல் காலை ஆறு மணி வரை பெண்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. சென்னை உயர் நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் அந்த உட்பிரிவைச் செல்லாது என்று அறிவித்து, போக்குவரத்து, பாதுகாப்பு, குறைந்தது பத்துப் பெண்கள் கொண்ட குழு என்பன போன்ற நிபந்தனைகளை விதித்தது. கார்மென்ட் ஆலைக்கு அந்த நிபந்தனை எளிதாக இருந்தது. 140 பேரில் நான்கு பெண்கள் இருக்கும் மெஷின் ஷாப்புக்குப் பத்துப் பேருக்கு எங்கே போவது? பெண்களைக் காக்க எழுதிய நிபந்தனையே எண்ணிக்கை குறைந்த இடத்தில் கதவைச் சாத்திவிட்டது. இரவு ஷிஃப்டைக் கேட்டு நிர்வாகத்தோடு மல்லுக்கட்டுவதற்குப் பதிலாக, மதியம் இரண்டு மணிக்குத் தொடங்கும் இரண்டாம் ஷிஃப்டை, வீட்டு வாசல் வரை வேன் என்ற ஏற்பாட்டுடன், எழுத்து மூலமாகக் கேட்கும்படி வழிகாட்டி சொன்னார். ஏழு மணிக்குப் பிறகான நேரத்தைப் பற்றி எங்கள் மனிதவளப் பிரிவு சட்ட ஆலோசகரிடம் கேட்டு முடிக்க மூன்று வாரம் எடுத்துக்கொண்டது. அந்த மூன்று வாரமும் பொறுமையிழந்து நான் அனுப்ப இருந்த இரண்டு மின்னஞ்சல்களை அவர் தடுத்தார். அதற்கு மட்டுமே 14,160 கொடுக்கலாம்.

இங்கேதான் திட்டத்தின் எல்லையும் தெரிந்தது. "நான் உங்க கம்பெனிக்கு வெளிய இருக்கறவன். உள்ள ஒரு ஆள் வேணும்" என்று அவரே சொன்னார். வழி சொல்பவர் ஒருவர், நமக்காகத் தன் செல்வாக்கைச் செலவழிப்பவர் வேறொருவர் என்ற இந்த வேறுபாட்டைத் திட்டம் கண்டுகொள்ளவே இல்லை. எங்கள் நிறுவனத்தோடு அதற்கு எந்தத் தொடர்பும் இல்லை. நான் சேர்ந்திருப்பது என் மேலாளருக்குத் தெரியாது. ஷிஃப்ட் பொறுப்பு யாருக்கு என்று முடிவு செய்யும் கூட்டத்தில் யார் யார் உட்காருகிறார்கள் என்று பட்டியல் எழுதச் சொன்னார் வழிகாட்டி. ஐந்து பெயர் எழுதினேன். ஐவரில் என் வேலையை நேரில் அறிந்தவர் ஒருவர்கூட இல்லை. மெஷின் ஷாப் மேலாளரிடம் இன்சர்ட் குறிப்பை நேரடியாகக் கொண்டுபோய்க் கொடுக்க நான் முடிவு செய்தது அந்தப் பட்டியலைப் பார்த்த பிறகுதான். அவர் அதை மூன்று இயந்திரங்களில் செய்து பார்த்தார். ரீவொர்க் குறைந்தது. நான்கு மாதம் கழித்து கணினிக் கட்டளையில் இயங்கும் ஒன்பது சிஎன்சி இயந்திரங்கள் கொண்ட பகுதிக்கு இரண்டாம் ஷிஃப்ட் பொறுப்பாளர் தேவைப்பட்டபோது, அந்தக் கூட்டத்தில் என் பெயரைச் சொன்னவர் அவர். இப்போது அந்த ஷிஃப்டை நான் பார்க்கிறேன். முதல் இரண்டு வாரம் ஆப்பரேட்டர்கள் செட்டிங் சந்தேகத்தை என்னைத் தாண்டிப் போய் முதல் ஷிஃப்ட்காரருக்குத் தொலைபேசியில் கேட்டார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆண் வழிகாட்டி, பெண் பொறியாளர் என்ற சேர்க்கையில் எங்கள் ஊரில் எழும் பேச்சைப் பற்றித் திட்டம் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும். எங்கே சந்திப்பது, எந்த நேரத்துக்கு மேல் அழைக்கக் கூடாது, சொன்னவை யார் காதுக்கும் போகாது என்பதற்கு என்ன உறுதி, புகார் இருந்தால் யாரிடம் சொல்வது ஆகிய எதற்கும் எழுத்தில் விதி இல்லை. நான் கேட்ட பிறகு இரண்டு பக்க ஆவணம் ஒன்று வந்தது. என் வழிகாட்டி அதற்கு முன்பே தாமாகவே, திட்ட அலுவலகத்தின் கண்ணாடி அறையிலோ, தம் மனைவி வீட்டில் இருக்கும் நேரத்திலோ மட்டும் சந்திப்பது என்று வகுத்துக்கொண்டார். அது அவருடைய பண்பு. திட்டத்தின் ஏற்பாடு அல்ல. எல்லாருக்கும் அப்படிப்பட்டவர் வாய்ப்பார் என்று நம்பிப் பணம் கட்ட முடியாது.

என் தொகுதியில் பதினொரு பேர் இருந்தோம். மூன்று பேர் பாதியில் நின்றுவிட்டார்கள். அவர்களில் ஒருவர் கட்டுமானத் தளப் பொறியாளர். அவருடைய தளத்தில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. தண்ணீர் குடிக்காமல் எட்டு மணி நேரம் வேலை செய்பவரிடம் ஐந்தாண்டு இலக்கை எழுதச் சொன்னால் அவர் என்ன எழுதுவார்? அமெரிக்காவின் 708 தனியார் நிறுவனங்களில் 1971 முதல் 2002 வரையிலான தரவுகளைக் கொண்டு ஃபிராங்க் டாபின், அலெக்சாண்ட்ரா காலெவ் உள்ளிட்ட சமூகவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு, பயிற்சி வகுப்புகளைவிட, பதில் சொல்லும் பொறுப்பைக் குறிப்பிட்ட நபர்களிடமோ குழுவிடமோ ஒப்படைப்பதே மேலாளர் நிலையில் பன்முகத்தன்மையைக் கூடுதலாக வளர்க்கிறது என்றது. அந்த நாட்டுச் சூழல் வேறு என்றாலும், தளத்தில் கழிப்பறை கட்டுவது யார் பொறுப்பு என்ற கேள்விக்கு வழிகாட்டியிடம் விடை இருக்க முடியாது என்பது இரண்டு ஊருக்கும் பொதுவானது.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால், தனிச் சந்திப்புகளுக்கு நான்கரை, குழு வகுப்புகளுக்கு ஒன்றரை, நிர்வாகத்துக்கு இரண்டு. தொழிலில் ஐந்தாறு ஆண்டு கழித்து, ஒரே இடத்தில் நின்றுவிட்டதாக உணர்பவருக்கு இந்தத் திட்டம் உதவும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் தம் நிறுவனத்திலேயே மூத்தவர் ஒருவரைப் பிடித்துக்கொள்வது செலவில்லாத வழி. சேர்வதென்று முடிவு செய்தால், ஒதுக்கப்படும் வழிகாட்டி எந்தத் தொழிலில் எத்தனை ஆண்டு இருந்தார் என்ற விவரத்தையும், மாற்றக் கேட்டால் எத்தனை நாளில் மாற்றுவார்கள் என்பதையும், சந்திப்புகளுக்கான விதிகளையும் பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கட்டிய பிறகு கேட்டால் ஐந்து வாரம் ஆகும்.